தம்பி அமெரிக்காவுல பிஸ்டல் வாங்கப் போறான், லீவுக்குப் பிள்ளைகளோட அங்க போறோம். என்ன கேட்கணும்?

ஜெலுத்தோங் வாணி:

வணக்கம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல கேட்டா சண்டை வரும், அதனால இங்க கேட்கிறேன்.

என் தம்பி ஹூஸ்டனுக்கு வெளிய கேட்டிங்கிற ஊர்ல இருக்கான். கல்யாணத்துக்கு அப்புறம் கிரீன் கார்டு கிடைச்சு அங்கேயே செட்டில். போன மாசம் அவன் தெருவுக்கு அடுத்த தெருவுல ஒரு வீட்டுச் சைடு ஜன்னலை உடைச்சு உள்ள பூந்துட்டாங்க. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அன்னியிலிருந்து தம்பிக்கு ஒரே பேச்சு, பிஸ்டல். தினம் ஒரு படம் அனுப்புறான். க்ளாக் 19 பிஸ்டல் வாங்கவா, .38 ரிவால்வர் வாங்கவா, சொல்லுங்க மச்சான்னு என் வீட்டுக்காரரைக் கேட்கிறான். இவரு இங்க மலேசியாவுல, பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில சூப்பர்வைசர். வாழ்க்கையில கையில பிடிச்ச ஒரே ஆயுதம் பாராங் கத்தி, அதுவும் துரியான் உடைக்க. ஆனா ரெண்டு வாரமா யூடியூப் பார்த்துட்டு, க்ளாக்தான் பெஸ்ட்னு தீர்ப்பு சொல்றாரு. அம்மா மட்டும், "ஏண்டா, ஒரு நாய் வளர்த்தா ஆகாதா?"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. யாரும் பதில் போடல.

விஷயம் என்னன்னா, வருஷக் கடைசி லீவுக்கு நாங்க நாலு பேரும் அங்க போறோம். டிக்கெட் எடுத்தாச்சு. "நீங்க வர்றதுக்குள்ள வாங்கிடுவேன், உங்களுக்கும் பாதுகாப்புதானே"ங்கிறான் தம்பி. எங்கடா வைப்பேன்னு கேட்டா, "பெட் பக்கத்து டிராயர்லதான்க்கா, அவசரத்துக்கு எட்டணும்ல." தம்பிக்குப் பிள்ளை இல்ல. டிராயர்னா என்னன்னு அவனுக்குத் தெரியாது.

என் மகனுக்கு 9 வயசு. யார் வீட்டுக்குப் போனாலும் முதல்ல டிராயரைத்தான் திறப்பான். போன தீபாவளிக்குப் பெரியம்மா வீட்டு ரத்த அழுத்த மெஷினை எடுத்துப் பூனைக்கு மாட்டப் பார்த்தவன். மகளுக்கு 14, அவ போனை விட்டு நிமிர மாட்டா.

தம்பிகிட்ட நான் என்ன சொல்லணும்? வாங்காதேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல, அவன் வீடு, அவன் ஊரு. ஆனா எங்க வைக்கணும், எப்படி வைக்கணும்னு கேட்கலாம்ல? எந்த வகை வாங்கினா ஆபத்து கம்மி? இன்னொண்ணு, எங்க தாமான்லயும், அதாவது குடியிருப்புலயும், ரெண்டு வீட்ல கிரில்லை அறுத்துட்டாங்க. அதுல இருந்து இவருக்கும் ஆசை வந்திருக்கு, இங்க லைசென்ஸ் கிடைக்குமான்னு. அங்க போனா துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்குப் போய் நாலு ரவுண்டு சுடணுமாம். தெரிஞ்சவங்க சொல்லுங்க. அரசியல் வேண்டாம் ப்ளீஸ்.


செந்தூல்பையன்:

அக்கா, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். இங்க ஆசையை விடச் சொல்லுங்க. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துல லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவர்கிட்ட. "தாமான்ல திருட்டு நடந்துச்சு"ன்னு போய் நின்னா டீ கூடக் கொடுக்க மாட்டாங்க. லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா அந்தச் சட்டத்துலயே 7 வருஷம் வரை. ஆனா பெரும்பாலும் துப்பாக்கிக் குற்றத்துக்குத் தண்டனையைக் கூட்டின 1971ஆம் ஆண்டுச் சட்டத்துலதான் குற்றம் சாட்டுவாங்க. அதுல 14 வருஷம் வரை சிறை, குறைஞ்சது 6 பிரம்படி. பொம்மைத் துப்பாக்கி அசல் மாதிரி இருந்தாலே தனியா ஒரு பிரிவு இருக்கு. ஆன்லைன்ல ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கி ஆர்டர் பண்ணி மாட்டினவங்க கதை பேப்பர்ல அப்பப்ப வரும்.

அமெரிக்கக் கேள்விக்கு சார்ஜன் அங்கிள் வருவாரு. அவருக்கு இது வெத்தலை பாக்கு.


ஆயர் ஈத்தாம் சார்ஜன்:

வாணிம்மா, கூப்பிட்டாச்சு, வந்துட்டேன். நான் போலீஸில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் டாலஸ் பக்கம் இருக்கிறாள், மருமகன் டெக்சஸ்காரர், அவர் வீட்டில் இரண்டு துப்பாக்கி உண்டு. அங்கே போய்த் தங்கும்போது பார்த்ததும், வேலையில் இருந்தபோது தெரிந்ததும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு கணக்கு. வருஷக் கடைசியில் ஹூஸ்டன் நமக்கு 14 மணி நேரம் பின்னால். அங்கே விடியற்காலை 3 மணி என்றால் உன் பிள்ளைகளின் உடம்புக்கு மாலை 5 மணி. போன முதல் வாரம் ராத்திரியில் யார் முழித்திருப்பார்கள்? யார் இருட்டில் கிச்சனுக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள்? பழக்கமில்லாத வீடு, சுவிட்ச் எங்கே என்று தெரியாது, எதையாவது தட்டி விடுவார்கள். மேலே உன் தம்பி, திருடன் பயத்தில் இருக்கிற மனுஷன், தூக்கக் கலக்கத்தில் டிராயரைத் திறக்கிறான். அந்த வீட்டில் அந்த நேரத்தில் நடமாடக் கூடியது திருடனா உன் பையனா என்று நீயே யோசி. தம்பியிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். க்ளாக்கா ரிவால்வரா என்பதெல்லாம் அப்புறம்.

அப்புறம் அந்த ஊர்ச் சுவர். நம்முடையது செங்கல் வீடு. அவன் வீடு மரச் சட்டம், உள்சுவருக்கு இரண்டு பக்கமும் அரை இஞ்ச் ஜிப்சம் பலகை, நடுவில் காற்று. 9 மி.மீ. தோட்டா அதில் ஒரு சுவரோடு நிற்காது, அடுத்த அறைச் சுவரையும் தாண்டிப் போகும். உங்களுக்குக் கொடுக்கிற விருந்தினர் அறை எந்தப் பக்கம் என்று அவனைக் கேள். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே என்பது எங்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்த விதி. அங்கேயும் அதே விதிதான். ஆனால் ராத்திரி 3 மணிக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்?

வகை பற்றிக் கேட்டாய். க்ளாக் 19 நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். மேகசினில், அதாவது தோட்டா அடுக்குகிற கூட்டில், 15 தோட்டா. கட்டைவிரலால் தள்ளுகிற சேஃப்டி கிடையாது. விசையிலேயே ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதையும் சேர்த்து அழுத்தினால்தான் சுடும். கிட்டத்தட்ட இரண்டரை கிலோ இழுவை. பயிற்சி உள்ள கைக்கு அது வசதி. பிள்ளை கைக்கு அது தடையே இல்லை. ரிவால்வரில் ஐந்தோ ஆறோ தோட்டா, சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் விசையை மட்டும் இழுத்தால் அதைப் போல இரண்டு மடங்கு கனம். தோட்டா போடுகிற உருளையை, அதாவது சிலிண்டரைத் திறந்தால் தோட்டா இருக்கா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரியும். புதிதாக வாங்குகிறவனுக்கு அது ஒரு லாபம். ஆனால் பையில் போடுகிற சின்ன ரிவால்வரை மட்டும் வாங்க வேண்டாம் என்று சொல். எடை குறைந்தது, உதை அதிகம். ஒரு தரம் சுட்டவன் இரண்டாம் தரம் பயிற்சிக்குப் போக மாட்டான், பயிற்சி இல்லாதவன் கையில் எதுவுமே ஆபத்து.

பிஸ்டலில் ஒரு விஷயம் மட்டும் அவன் மனப்பாடம் பண்ண வேண்டும். மேகசினை உருவிவிட்டால் காலி என்று நினைக்கிறார்கள் பார், அங்கேதான் ஆள் சாகிறது. மேகசின் போன பிறகும் பிஸ்டலுக்கு உள்ளே, குழாயின் பின்முனையில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். க்ளாக் மேகசின் இல்லாமலும் சுடும். அதனால் முதலில் மேகசினை எடு, பிறகு ஸ்லைடை, அதாவது மேலே நகர்கிற பாகத்தை, பின்னால் இழுத்துப் பிடி, கண்ணால் பார், சுண்டு விரலை விட்டும் தடவிப் பார். இந்த வரிசை மாறவே கூடாது. முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு அப்புறம் மேகசினை எடுத்தால், வெளியே வந்த தோட்டாவுக்குப் பதில் இன்னொன்று ஏறியிருக்கும். க்ளாக்கைத் துடைக்கக் கழற்றும்போது விசையை ஒரு தரம் இழுத்தால்தான் பிரியும். துடைக்கும்போது வெடித்தது என்று படிக்கிற செய்தியில் பாதி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது டிராயர். 2001இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. 8 முதல் 12 வயது வரை உள்ள பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டார்கள். ஒரு டிராயரில் தண்ணீர்த் துப்பாக்கி, இன்னொன்றில் சுட முடியாதபடி செய்த அசல் கைத்துப்பாக்கி. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். 29 குழுக்களில் 21 குழு அசலைக் கண்டுபிடித்தது. அதில் 16 குழு கையில் எடுத்தது. 10 குழுவில் யாராவது ஒருவன் விசையை இழுத்தான். எடுத்தவர்களிலும் இழுத்தவர்களிலும் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஏற்கெனவே ஏதோ ஒரு வகையில் பாடம் கேட்டவர்கள். உன் மகனுக்கு 9. நீ "தொடாதேடா" என்று சொல்லிக் கூட்டிப் போவாய், அவனும் தலையாட்டுவான்.

அதனால் பெட்டி. துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் பெட்டி. தடித்த இரும்பு, கட்டில் சட்டத்தோடு கேபிளால் கட்டியதோ, தரையில் போல்ட் அடித்ததோ. தூக்கிக்கொண்டு போகிற பெட்டி திருடனுக்குக் கொடுக்கிற மொய். பட்டன் அழுத்தித் திறக்கிற மெக்கானிக்கல் பூட்டு எனக்குப் பிடிக்கும், பேட்டரி தீராது, இருட்டில் விரல் தடவியே திறக்கலாம். விரல்ரேகைப் பெட்டி வாங்கினால் ஜாக்கிரதை. 2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வகை விரல்ரேகைப் பெட்டிகளைச் சுமார் 61,000 திரும்பப் பெற வைத்தது. ரேகை பதிவாகும் வரை அது எந்த விரல் பட்டாலும் திறந்துகொண்டிருந்தது. 12 வயதுப் பையன் ஒருவன் இறந்ததாக அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. வாங்கினவுடன் உன் தம்பி தன் ரேகையைப் பதிந்துவிட்டு, பொண்டாட்டி விரலை வைத்துத் திறக்கிறதா என்று பார்க்கட்டும். மலிவான எலக்ட்ரானிக் பெட்டி சிலவற்றை மேலே ஒரு குத்து விட்டாலே திறந்துகொள்ளும், அதையும் குத்திப் பார்க்கட்டும். அவசரச் சாவி என்று ஒன்று கொடுப்பார்கள். அதை அதே டிராயரில் போட்டு வைத்தால் பெட்டியே வேண்டாம்.

கடையில் வாங்கும்போதே ஒரு கேபிள் பூட்டு சும்மா கொடுப்பார்கள், 2005 சட்டப்படி லைசென்ஸ் உள்ள கடைக்காரர் கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டுச் சாதனம் கொடுத்தே ஆக வேண்டும். காலித் துப்பாக்கிக்கு அது சரி. விசைக்கு மேல் மாட்டுகிற பூட்டைத் தோட்டா உள்ள துப்பாக்கியில் மாட்டவே கூடாது, மாட்டும்போதே விசையில் பட்டு வெடிக்கும்.

நீங்கள் தங்குகிற நாட்களுக்கு மட்டும் நான் கேட்பது இன்னும் ஒரு படி மேலே. துப்பாக்கி காலியாக, பூட்டி. தோட்டா வேறு இடத்தில், அதுவும் பூட்டி. 2005இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இந்த நான்கில் ஒவ்வொன்றும் தனித்தனியாகவே பிள்ளைகள் காயப்படுவதையும் தற்கொலையையும் குறைப்பதோடு சேர்ந்து வந்தது. உன் மகள் போனை விட்டு நிமிர மாட்டாள் என்று விட்டுவிடாதே. அந்த நாட்டில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830, அதில் 26,328 தற்கொலை. பூட்டு சின்னவனுக்கு மட்டும் அல்ல.


ஜெலுத்தோங் வாணி:

அங்கிள், படிச்சு முடிச்சதும் கை நடுங்கிடுச்சு. 3 மணி விஷயத்தை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். அவன் பதில்: "பூட்டி, தோட்டாவையும் தனியா வச்சா, திருடன் வந்தா நான் என்ன அவன்கிட்ட டைம் கேட்கவாக்கா?" இவரு பக்கத்துல உட்கார்ந்து, "பாயிண்ட்தான்"ங்கிறாரு. ரெண்டு பேரையும் ஒரே பூட்டுல போடணும்.

அவனுக்கு என்ன பதில் சொல்றது?


கிள்ளான் டு ஆஸ்டின்:

வாணி அக்கா, நான் இங்க டெக்சஸ்லதான் இருக்கேன், எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. தம்பி காதுல போட வேண்டியது ரெண்டு.

ஒண்ணு, டெக்சஸ் குற்றவியல் சட்டம் பிரிவு 46.13. 17 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கையில எட்டுற மாதிரி தோட்டா போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையா விட்டு, பிள்ளை அதை எடுத்துட்டா, வச்ச பெரியவர் மேல கேஸ். சுட்டு யாருக்காவது உயிர் போனாலோ பலத்த காயம் ஆனாலோ தண்டனை கூடும். டிராயர்ங்கிற வார்த்தையை அவன் வக்கீல்கிட்ட சொல்லிப் பார்க்கட்டும்.

ரெண்டு, இது உங்க வீட்டுக்காரருக்கு. தம்பி கிரீன் கார்டு, அவனுக்குப் பிரச்சினை இல்ல. ஆனா வொர்க் விசாவுல, விசிட்டர் விசாவுல வர்றவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கக் கூடாதுன்னு மத்திய சட்டம் இருக்கு. மலேசியர்களுக்கு விசா இல்லாம நுழைய வழி இல்ல, அதனால நாம எல்லாரும் அதுக்குள்ள வந்துடுவோம். ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுடறதும் கையில வச்சிருக்கிறதுதான். செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு. பல ரேஞ்சுல கேட்கவே மாட்டாங்க, கேட்காததால அது சட்டப்படி சரின்னு ஆகிடாது. என் வீட்டுக்காரர் முதல்ல வொர்க் விசாவுல இருந்தப்ப ஆபீஸ் ஆளுங்க ரேஞ்சுக்குக் கூப்பிட்டாங்க. போகல. கிரீன் கார்டு ஃபைல் ஓடிட்டு இருக்கும்போது யாரு வம்பை விலைக்கு வாங்குவா?

கேட்கிறதுக்குக் கூச்சப்படாதீங்க. என் பிள்ளைங்க யார் வீட்டுக்கு விளையாடப் போனாலும், "வீட்ல துப்பாக்கி இருக்கா, எப்படி வச்சிருக்கீங்க?"ன்னு போன்ல கேட்டுடுவேன். நாய் கடிக்குமா, வேர்க்கடலை அலர்ஜி இருக்குன்னு சொல்ற அதே மூச்சுல. இங்க நிறைய அம்மாங்க கேட்கிறாங்க. ஒருத்தரும் கோவிச்சது இல்ல.


ஆயர் ஈத்தாம் சார்ஜன்:

ஆஸ்டின் மகள் சொன்னது முழுக்கச் சரி. நானும் மருமகன் வீட்டில் விசிட்டர் விசாவில்தான் இருப்பேன், அவர் துடைக்க எடுத்தால் நான் ஹாலுக்கு வந்துவிடுவேன். துப்பாக்கியோடேயே வேலை பார்த்தவன், கை பரபரக்கும். ஆனாலும் தொடமாட்டேன்.

தம்பி கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்வி. தோட்டாவோடு துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி வைத்தால், பழகினவன் சில நொடியில் எடுத்துவிடுவான். அவனும் பொண்டாட்டியும் மட்டும் இருக்கிற நாளில் அது போதும், நான் சண்டை போட மாட்டேன். விருந்தாளிப் பிள்ளைகள் இருக்கிற மூன்று நாலு வாரத்துக்குத் தோட்டாவைப் பிரித்து வைத்தால் கூட ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தைத் துப்பாக்கியில் தேடாமல் கதவில் தேடச் சொல். அந்த ஊர் வாசல் கதவு மரச் சட்டத்தில் நிற்கிறது. பூட்டு நாக்கு போய் உட்காருகிற தகட்டை முக்கால் இஞ்ச் திருகாணியில் மாட்டியிருப்பார்கள், ஓர் உதையில் பெயர்ந்துவிடும். மூன்று இஞ்ச் திருகாணி நான்கு வாங்கி, பின்னால் இருக்கிற கட்டை வரை இறங்கும்படி முடுக்கினால் அந்தக் கதவு வேறு கதவு. மருமகன் வீட்டில் நானே முடுக்கினேன், டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. பக்கத்துத் தெருவில் ஜன்னல் வழியாகத்தானே வந்தார்கள்? கண்ணாடி உடைந்தால் கத்துகிற சென்சார், பின்பக்கம் ஆள் நடந்தால் எரிகிற விளக்கு. திருடனுக்கு வேண்டியது காலி வீடு, சத்தமும் வெளிச்சமும் வந்தால் முக்கால்வாசிப் பேர் ஓடிவிடுவார்கள். உன் அம்மா சொன்ன நாயும் அதே வேலையைத்தான் செய்யும், குரூப்பில் அவங்களுக்கு யாராவது ஒரு பதில் போடுங்கள்.

அதையும் மீறி யாராவது உள்ளே வந்தால் வீடு முழுக்கத் தேடிக்கொண்டு போகிற வேலை போலீஸ் வேலை. நாங்களே தனியாகப் போக மாட்டோம். எல்லாரும் ஒரே அறை, கதவைப் பூட்டு, 911 அவசர எண்ணுக்குப் போன். யாருடைய பிள்ளை எந்த அறையில் என்று தெரியாமல் வராந்தாவில் துப்பாக்கியோடு நடக்கிறவனைவிட, படுக்கையறையில் உட்கார்ந்து போனில் முகவரி சொல்கிறவன் கெட்டிக்காரன். போன அன்றைக்கே நாலு பேரும் ஒரு தரம் நடந்து பார்த்துக்கொள்ளுங்கள், எந்த அறைக்கு ஓடுவது, ராத்திரியில் எழுந்தால் எந்த விளக்கைப் போடுவது என்று. பையனிடம், "கிச்சனுக்குப் போகணும்னா அம்மாவை எழுப்பு" என்று சொல். உனக்கும் தூக்கம் வராது, எழுப்பினால் பரவாயில்லை.

வீட்டுக்காரருக்கு இன்னும் ஒன்று. ரேஞ்ச் போனாலும் போகாவிட்டாலும், தம்பியின் பையையோ ஜாக்கெட்டையோ இரவல் வாங்கி ஊருக்குக் கொண்டு வர வேண்டாம். அடியில் ஒரு தோட்டா கிடந்தாலும் நம் ஊரில் தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். ஸ்கேனரில் அது தெளிவாகத் தெரியும். சுட்ட தோட்டாவின் வெறும் கூட்டைக்கூட ஞாபகத்துக்கு என்று எடுக்காதீர்கள். உங்களுக்கு இந்த ஊர்ப் பழைய கதை தெரியாது. 1977இல் நம்ம பினாங்கு உயர் நீதிமன்றத்தில், ஒரு பிஸ்டலும் தோட்டாக்களும் வைத்திருந்ததற்காக 14 வயதுப் பையனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு அதுதான் தண்டனை. உலகமே கூச்சல் போட்ட பிறகு மன்னிப்புக் கிடைத்தது. அந்தச் சட்டம் 2012இல் போய்விட்டது, ஆனால் துப்பாக்கி விஷயத்தில் நாட்டின் முகம் மாறவில்லை. மாற வேண்டும் என்றும் எனக்கு ஆசை இல்லை.


செந்தூல்பையன்:

அங்கிள், அப்ப நம்ம ஊர்ல திருடன் வந்தா கையைக் கட்டிட்டு நிக்கணுமா? தற்காப்பு உரிமை இருக்குல்ல?


ஆயர் ஈத்தாம் சார்ஜன்:

இருக்கு தம்பி. தண்டனைச் சட்டம் பிரிவு 96 முதல் 106 வரை அதுதான். ராத்திரியில் வீட்டை உடைத்து வருகிறவன் விஷயத்தில் 103ஆம் பிரிவு ரொம்ப தூரம் போகும். ஆனால் 99ஐயும் சேர்த்துப் படி. தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. கீழே விழுந்தவனை, ஓடுகிறவனைத் துரத்தி வெட்டினால் நீ தற்காப்பு இல்லை, குற்றவாளி. அப்படி வந்து அழுதவர்களை விசாரணை அறையில் நான் பார்த்திருக்கிறேன்.

நம்ம வீடுகளில் எனக்கு உள்ள பயம் வேறு. கிரில்லை அறுத்தார்கள் என்றதும் வாணி வீட்டில் இன்னொரு கிரில், இன்னொரு பூட்டு போட்டிருப்பார்கள், பந்தயம். சாவி எங்கே? 2017 செப்டம்பரில் கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் சமயப் பள்ளி விடுதி எரிந்து 23 பேர் போனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். ஜன்னலில் திறக்க முடியாத கிரில். அதனால் படுக்கையறை ஜன்னல் கிரில்லில் ஒன்றாவது உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும், அதன் சாவி அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் ஆணியில் தொங்க வேண்டும், வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரிய வேண்டும். துப்பாக்கிச் சாவியை ஒளித்து வை, கிரில் சாவியை ஒளிக்காதே.


ஜெலுத்தோங் வாணி:

பந்தயத்துல ஜெயிச்சுட்டீங்க அங்கிள். ரெண்டாவது கிரில் போன மாசம்தான் போட்டோம். சாவி இவரு கார் சாவிக் கொத்துல, இவரு நைட் ஷிஃப்ட். இன்னிக்கே இன்னொரு சாவி வெட்டி மாட்டச் சொல்லிட்டேன்.

தம்பி ரெண்டு நாளா குரூப்ல பேசல. ஆனா தம்பி பொண்டாட்டி தனியா போன் பண்ணினா. அவளுக்கும் டிராயர் ஐடியா பிடிக்கலையாம், சொல்லத் தெரியாம இருந்தாளாம். அவ அப்பா வீட்ல எப்பவுமே பூட்டின அலமாரிதானாம். பெட்டியை அவ தேர்ந்தெடுப்பா, அது வந்து கட்டில்ல மாட்டினப்புறம்தான் துப்பாக்கிக் கடைப் பக்கம் போகணும்னு சொல்லிட்டா. நாங்க இருக்கிற வரை தோட்டாவை அவ கார் கராஜ்ல வேற பெட்டியில பூட்டி, சாவியைத் தன் கழுத்துச் செயின்ல மாட்டிக்கிறேங்கிறா. திருகாணி வாங்கவும் ஆள் அனுப்பிட்டா. அந்த ஆள் தம்பிதான்.

இவருதான் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காரு. வேட்டை லைசென்ஸ் ஆன்லைன்ல எடுக்கலாமான்னு தேடிட்டு இருக்காரு.


ஆயர் ஈத்தாம் சார்ஜன்:

பன்றியும் மானும் சுடப் போகாதவனுக்கு வேட்டை லைசென்ஸ் எதற்கு? கேட்டியிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் நாசாவின் ஸ்பேஸ் சென்டர். அவரையும் பையனையும் அங்கே கூட்டிப் போ, அங்கே திறந்து பார்க்க நிறைய இருக்கு. வருஷக் கடைசியில் கூட்டம் தாங்காது, டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு.